எப்படியோ சமாளிச்சுட்டோம்: பெருந்தொற்றுக் குறிப்பேடுகளை வாசித்தல்

1

‘சமாளிச்சுட்டோம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு தனி மரியாதை உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் நாலு பேர் சாப்பிட வந்துவிட்டால் ரசத்தில் தண்ணீர் சேர்த்துச் சமாளிப்பது, மாதக் கடைசியைச் சமாளிப்பது, கேள்வி கேட்கும் அதிகாரியைச் சமாளிப்பது, குடித்துவிட்டு வரும் கணவனைச் சமாளிப்பது, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். பிரச்சினை தீர்ந்தது என்று அது சொல்வதில்லை. ஜெயித்தோம் என்றும் சொல்வதில்லை. இன்றைய பொழுது தாண்டியது, நாளைய பாட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 2020, 2021 ஆண்டுகளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், “எப்படியோ சமாளிச்சுட்டோம்.” பிறகு பேச்சு வேறு எதற்காவது மாறிவிடும்.

அந்த ‘எப்படியோ’வுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கடந்த இரண்டு வருடங்களாகப் பெருந்தொற்றைப் பற்றிய புத்தகங்களைத் தேடித்தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். “இப்பப் போய் யாருடா அதைப் படிப்பா?” என்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தக் காலம் முழுக்க அதைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம். முடிந்த பிறகு ஒரு வார்த்தை பேச ஆளில்லை.

வாசித்தவற்றை என் வசதிக்காக மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். முதல் வகை ஆரூடம். ஊரடங்கு தொடங்கிய சில வாரங்களிலேயே ஸ்லாவோய் ஜிஜெக் ஒரு புத்தகமே கொண்டுவந்துவிட்டார். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அருந்ததி ராய் எழுதிய கட்டுரை, பெருந்தொற்றை ஓர் உலகத்துக்கும் அடுத்த உலகத்துக்கும் நடுவில் இருக்கும் வாசலாகப் பார்த்தது. நெடுஞ்சாலைகளில் நடந்துபோன தொழிலாளர்களைப் பற்றி அதில் இருக்கும் பகுதிகள் இன்றும் உறைக்கின்றன. வாசல் என்ற உருவகம் மட்டும் நிற்கவில்லை. நாம் எந்த வாசலையும் தாண்டிவிடவில்லை. கொஞ்ச நேரம் திண்ணையில் உட்காரவைக்கப்பட்டு, பழைய அறைக்கே திரும்பிவந்தோம்.

இரண்டாவது வகை அறிவுரை. கிடைத்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது, மனதை எப்படி ஒருநிலைப்படுத்துவது, வீட்டிலிருந்தபடியே எப்படி உற்பத்தித்திறனைக் கூட்டுவது. அலுவலக மின்னஞ்சல்களில் வந்ததும் இதுதான், டல்கோனா காபிப் படங்களுக்கு மேலே எழுதப்பட்டதும் இதுதான். ஸேடி ஸ்மித் 2020இல் ‘இன்டிமேஷன்ஸ்’ என்று ஆறு கட்டுரைகள் கொண்ட ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு கட்டுரை இந்த மனநிலையை நேர்மையாகத் தொடுகிறது. நாவல் எழுதுவதையும் வாழைப்பழ ரொட்டி சுடுவதையும் அவர் ஒரே வரிசையில் வைக்கிறார். இரண்டுமே கைக்கு ஒரு வேலை. எழுத்தாளர்கள் தங்களைப் பற்றி இவ்வளவு தூரம் இறங்கிவந்து சொல்வது அபூர்வம்.

மூன்றாவது வகைதான் எனக்கு வேண்டியது. அதை விளக்க என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சர்வர் விழுந்தால் எங்களிடம் இரண்டு ஆவணங்கள் மிஞ்சும். ஒன்று லாக். விழுவதற்கு முன்பிருந்தே ஒவ்வொரு நொடியும் நடந்ததை இயந்திரம் வரிவரியாக எழுதிக்கொண்டே வந்திருக்கும். எந்த வரி முக்கியம் என்று எழுதும்போது அதற்குத் தெரியாது. இன்னொன்றுக்கு எங்கள் ஆட்கள் போஸ்ட்மார்ட்டம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் மனிதர்கள் உட்கார்ந்து எழுதுவது. காரணம், பாடம், இனி செய்ய வேண்டியவை என்று பளிச்சென்று இருக்கும். வாசிக்கச் சுகமானது இரண்டாவது. சந்தேகம் வந்தால் திரும்பிப் போவது எப்போதும் முதலாவதற்கு. பெருந்தொற்றைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, சர்வர் கீழே கிடக்கும்போதே எழுதப்பட்ட போஸ்ட்மார்ட்டம். நான் தேடியது லாக்.

2

வேடிக்கை என்னவென்றால், கிடைத்ததிலேயே சிறந்த லாக் ஒரு போலி.

டேனியல் டிஃபோவின் ‘எ ஜர்னல் ஆஃப் தி பிளேக் இயர்’ 1722இல் வெளியானது. அது பேசுவது 1665இல் லண்டனைத் தாக்கிய கொள்ளைநோயைப் பற்றி. அந்த வருடம் டிஃபோவுக்கு ஐந்து வயது இருக்கலாம். புத்தகமோ எச்.எஃப். என்ற முதலெழுத்துகளோடு மட்டும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒரு சேணம் செய்பவனின் நேரடிச் சாட்சியம் போலவே எழுதப்பட்டிருக்கிறது. 1720இல் பிரான்சின் மார்சேய் நகரில் கொள்ளைநோய் பரவி, இங்கிலாந்தில் பீதி கிளம்பியிருந்த நேரம். பழைய நோயின் கதைக்குச் சந்தை இருந்தது. டிஃபோ பத்திரிகைக்காரர், சந்தை தெரிந்தவர்.

முதல் வாசிப்பில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அத்தியாயப் பிரிவு கிடையாது. சொன்னதையே சொல்கிறான். ஒரு கதையைத் தொடங்கி, பிறகு சொல்கிறேன் என்று விட்டுவிட்டு, பல பக்கங்கள் கழித்துத் திரும்பிவருகிறான். வீடுகளைப் பூட்டிவைத்தது தவறு என்கிறான், தேவைதான் என்கிறான், மறுபடியும் தவறு என்கிறான். ஒரு நல்ல எடிட்டர் பாதியைக் குறைத்திருப்பார். இரண்டாவது வாசிப்பில்தான் இந்தச் சுற்றல்தான் அதன் உடம்பு என்று பட்டது. ஏப்ரல் 2020இல் நம் தலைக்குள் ஓடியதைக் காகிதத்தில் இறக்கினால் இப்படித்தான் இருக்கும். ஊருக்குப் போகலாமா வேண்டாமா என்ற ஒரே கேள்வியைக் காலையில், மதியம், ராத்திரி என்று மூன்று வேளையும் புதிதாக யோசித்தவர்கள்தானே நாம்? எச்.எஃப்பும் அதையேதான் செய்கிறான். அண்ணன் கிளம்பச் சொல்கிறான். கடையை விட்டுப் போக மனமில்லை. குதிரை கிடைக்கவில்லை, வேலைக்காரன் ஓடிவிடுகிறான். கடைசியில் பைபிளைக் கண்போன பக்கத்தில் திறந்து பார்த்து, தங்குவது என்று முடிவெடுக்கிறான். அது நம்பிக்கையா, முடிவெடுத்துக் களைத்துப்போனவன் போட்ட சீட்டா என்று டிஃபோ சொல்வதில்லை.

அன்றாடத்தை அவர் பார்க்கும் விதம் இன்னும் கூர்மை. சந்தையில் கறி வாங்க வருபவர்கள் கசாப்புக்காரரின் கையிலிருந்து வாங்குவதில்லை. கொக்கியிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். அவரும் காசைக் கையால் தொடுவதில்லை. வினிகர் ஊற்றிய ஒரு பாத்திரம் இருக்கிறது, அதில் போட்டுவிட வேண்டும். மீதிச் சில்லறை வாங்கக் கூடாது என்பதால் சரியான தொகைக்குச் சில்லறை வைத்துக்கொண்டே சந்தைக்கு வருகிறார்கள். பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்கறியை மஞ்சள் தண்ணீரில் முக்கி, ரூபாய் நோட்டை வெயிலில் காயப்போட்ட எவருக்கும் இந்த வினிகர்ப் பாத்திரம் புரியும். அதனால் பலன் இருந்ததா என்பது வேறு விஷயம். கைக்கு ஒரு சடங்கு தேவைப்பட்டது.

படகுக்காரன் ஒருவன் வருகிறான். மனைவியும் பிள்ளையும் நோயோடு வீட்டுக்குள் இருக்கிறார்கள். தேம்ஸ் நதியில் கப்பல்களில் ஒதுங்கியிருக்கும் குடும்பங்களுக்குச் சாமான் வாங்கிக்கொடுத்து இவன் சம்பாதிக்கிறான். சம்பாதித்ததை வீட்டிலிருந்து தள்ளி இருக்கும் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, விலகி நின்று சத்தம்போட்டு மனைவியைக் கூப்பிடுகிறான். அவள் வந்து எடுத்துக்கொள்கிறாள். எச்.எஃப். தன் பங்காகவும் கொஞ்சம் காசு கொடுக்க, அதையும் அவன் அந்தக் கல்லின் மேல் வைக்கிறான். டிஃபோ இங்கே எந்த முத்தாய்ப்பும் வைக்கவில்லை. ஒரு கல், அதன் மேல் காசு, இரண்டு பக்கமும் இரண்டு பேர். ஐசொலேஷன் அறைக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டுத் தட்டு வைத்துவிட்டுத் தட்டிவிட்டு ஓடிய வீடுகளில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

போலி லாக் எப்படி இவ்வளவு நம்பகமாக இருக்கிறது? என் பதில், டிஃபோ தகவலின் தரத்தைக் குறித்துக்கொண்டே போகிறார் என்பது. இது நான் பார்த்தது, இது கேள்விப்பட்டது, இதைப் பல பேர் பல விதமாகச் சொன்னார்கள் அதனால் நம்பவில்லை, இது உண்மையாக இருக்கலாம். எங்கள் லாகில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அதன் தீவிரம் குறிக்கப்பட்டிருப்பது போல. லண்டன் நகரம் அந்நாளில் வாராவாரம் சாவுக்கணக்கை அச்சிட்டு வெளியிட்டது. 1665இல் கொள்ளைநோய்க்குப் பலியானவர்கள் என்று அந்தக் கணக்கு சொல்வது 68,596. எச்.எஃப். அதை அப்படியே நம்புவதில்லை. வீடு பூட்டப்படும் என்று பயந்து குடும்பங்கள் நோயை மறைக்கின்றன, அதனால் மற்ற காய்ச்சல்களின் கணக்கு திடீரென்று ஏறுகிறது என்று பக்கத்துப் பத்தியைக் காட்டுகிறான்.

2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த சாவுகள் சுமார் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. அரசு சொன்ன கொரோனாச் சாவுகள் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. கணக்கிட்ட முறையே சரியில்லை என்றது இந்திய அரசு. அந்தச் சண்டையை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 1722இல் ஒரு நாவலாசிரியர் செய்த வேலை. ஒரு பத்தியில் இல்லாதது பக்கத்துப் பத்தியில் இருக்கும்.

3

அதே 1665, அதே லண்டன். இங்கே ஓர் அசல் லாக் இருக்கிறது. சாமுவேல் பீப்ஸ் கடற்படை அலுவலக அதிகாரி. 1660இலிருந்து 1669 வரை சுருக்கெழுத்தில் தினமும் நாட்குறிப்பு எழுதியவர்.

டிஃபோவை வாசித்த கையோடு பீப்ஸை வாசித்தால் திகைப்பு வரும். இந்த மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார். ஜூன் மாதம் தெருவில் சிவப்புச் சிலுவை போட்டுப் பூட்டிய வீடுகளை முதன்முதலாகப் பார்த்து நடுங்கி, புகையிலை வாங்கி மெல்கிறார். மனைவியை ஊருக்கு வெளியே அனுப்பிவைக்கிறார். அதற்குப் பிறகும் விருந்துக்குப் போகிறார், பாட்டு பாடுகிறார், பணம் சேர்க்கிறார். செப்டம்பரில், சாவு உச்சத்தில் இருந்த வாரங்களில், அவருடைய கவலைகளில் ஒன்று பொய்முடி. புதிதாக வாங்கிய பொய்முடியைத் தலையில் வைக்கப் பயம். நோயில் செத்தவர்களின் தலையிலிருந்து வெட்டிய முடியாக இருந்தால்? எல்லோரும் இப்படிப் பயந்தால் நோய் முடிந்ததும் பொய்முடி ஃபேஷன் என்ன ஆகும் என்று யோசிக்கிறார். ஊரில் வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வருடக் கடைசியில் கணக்குப் பார்க்கிறார். சொத்து மூன்று மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது. இந்தக் கொள்ளைநோய்க் காலத்தில் இருந்ததுபோல வாழ்க்கையில் வேறெப்போதும் குதூகலமாக இருந்ததில்லை என்று எழுதி வைக்கிறார்.

பலருக்கு இந்த இடத்தில் பீப்ஸ் மேல் அருவருப்பு வரும். எனக்கு மரியாதை வந்தது. காரணம், என் தலைமுறையில், என் தொழிலில் இருப்பவர்களின் பெருந்தொற்று அனுபவத்தில் ஒரு பாதி இதுதான், நாங்கள் யாரும் அதை எழுதவில்லை. 2021இல் மென்பொருள் துறையில் ஆள் கிடைக்கவில்லை. வேலை மாறியவர்களுக்குச் சம்பளம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆனது. சென்னையிலும் பெங்களூரிலும் அறை வாடகை மிச்சம். காலையில் எழுந்து சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு ஸ்டாண்டப் மீட்டிங். சொந்த ஊரில் அம்மா கைச்சோறு. பத்து வருடமாக வாங்க முடியாத மனையை அந்த இரண்டு வருடத்தில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். எங்கள் கூட்டங்களில் யாருடைய வீட்டிலாவது சாவு விழுந்தால் ஸ்லாக்கில் கைகூப்பும் எமோஜிகள் வரிசையாக வரும். அடுத்த செய்தி வழக்கம்போல ரிலீஸ் பற்றியதாக இருக்கும்.

ஊரடங்கு நாட்களைப் பற்றித் தமிழில் என் வயதுக்காரர்கள் எழுதியவற்றை வாசிக்கும்போது ஒரே மாதிரியான தொனி கேட்கிறது. தனிமை, வெறுமை, மொட்டைமாடி, சாயங்கால வெளிச்சம். பொய் என்று சொல்லமாட்டேன். கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம் மட்டும் அது. துக்கத்தை எழுதுவதில் நமக்கு ஓர் அழகியல் கிடைத்துவிட்டது. லாபத்தை எழுதத் தெரியவில்லை. பீப்ஸ் ஒரே பக்கத்தில் பயம், பொய்முடி, சாவுக்கணக்கு, பணம் எல்லாவற்றையும் எழுதுகிறார். அவற்றை ஒன்றோடொன்று சமாதானம் செய்துவைக்க முயல்வதில்லை. தன்னை நல்லவனாகக் காட்டவும் இல்லை, தன்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை. அந்த நாட்குறிப்பு அச்சானது 1825இல். யாரோ பார்த்து மெச்சுவார்கள் என்ற எண்ணம் எழுதும் கையில் இல்லை. இன்றைக்கு நம்மில் எத்தனை பேரால், யாரும் பார்க்காத ஒரு வரியை எழுத முடியும்?

4

ஃபாங் ஃபாங் நிலைமை நேர் எதிர். அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் லட்சக்கணக்கானவர்கள் அன்றன்றைக்கே பார்த்தார்கள்.

2020 ஜனவரி 23 அன்று வூஹான் நகரம் மூடப்பட்டது. திறந்தது ஏப்ரல் 8. இடைப்பட்ட 76 நாட்களில் அந்நகரில் வாழும் அறுபதுகளில் இருந்த நாவலாசிரியர் ஃபாங் ஃபாங், இணையத்தில் 60 பதிவுகள் எழுதினார். பல பதிவுகள் நீக்கப்பட்டன. மக்கள் பிரதியெடுத்து மறுபடி ஏற்றினார்கள். மைக்கேல் பெர்ரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு வரப்போகிறது என்ற செய்தி பரவியதும், நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்ற வசை ஆரம்பித்தது.

இலக்கியமாகப் பார்த்தால் ‘வூஹான் நாட்குறிப்பு’ சீரானதல்ல. வானிலை, வயசான நாய், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்த சாப்பாடு, குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து மொத்தமாகக் காய்கறி வாங்குவது, தூக்க மாத்திரை, தணிக்கை மேல் கோபம், அதிகாரிகளைப் பொறுப்பேற்கச் சொல்லும் கோரிக்கை. மறுநாளும் அதே. நடுவில் திடீர் திடீரென்று ஒரு வரி நெஞ்சில் இறங்கும். மருத்துவர் லி வென்லியாங் பிப்ரவரி 7 அன்று இறந்தபோது நகரம் முழுக்கப் பரவிய அழுகையை அவர் பதிவுசெய்த விதம் அப்படிப்பட்டது.

அவர் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் இலக்கிய விமர்சனமாக எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றுதான்: வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்டதை எழுதுகிறார். சுடுகாட்டில் தரையெங்கும் கிடக்கும், உரியவர்கள் இல்லாத கைபேசிகளின் படத்தை ஒரு மருத்துவ நண்பர் அனுப்பினார் என்று எழுதினார். படத்தை வெளியிடவில்லை. கட்டுக்கதை என்று பாய்ந்தார்கள்.

இந்தக் குற்றச்சாட்டைத் தட்டிவிடாமல் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எச்.எஃப். தெருவில் நடந்தான். இரவில் பிணக்குழியைப் போய்ப் பார்த்தான். ஃபாங் ஃபாங்கால் வாசலைத் தாண்ட முடியாது. பெருந்தொற்றின் உண்மை அவருக்குக் கைபேசி வழியாகத்தான் வந்தது. நமக்கும் அப்படித்தான். வாட்ஸாப்பில் வந்தவை எத்தனை! கபசுரக் குடிநீர் முதல், ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கப்போகிறார்கள் ராத்திரி துணி காயப்போடாதீர்கள் என்பது வரை. நோயைவிட அதிகமாக நாம் பார்த்தது நோயைப் பற்றிய செய்தியை. அப்படியிருக்கும்போது வீட்டுக்குள் இருப்பவரின் நேர்மையான குறிப்பு கேள்விப்பட்டதைப் பற்றித்தான் இருக்க முடியும். யார் சொன்னார், எப்போது சொன்னார், அவர் எந்த இடத்தில் இருப்பவர் என்று சேர்த்து எழுதினால் போதும். ஃபாங் ஃபாங் பெரும்பாலும் இதைச் செய்கிறார். ‘என் மருத்துவ நண்பர்’ என்ற சொற்கள் அந்தப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். பெயரைச் சொன்னால் நண்பருக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் எழுத்துக்கு ஆபத்து. இரண்டாவதை அவர் ஏற்றுக்கொண்டார். டிஃபோவுக்கு இந்த நெருக்கடி இல்லை.

நம் பக்கத்திலும் இது நடந்தது. 2021 மே மாதம் கங்கையில் பிணங்கள் மிதந்துவந்த நாட்களில், குஜராத்திக் கவிஞர் பாருல் கக்கர் பதினான்கு வரியில் ஒரு கவிதை எழுதி முகநூலில் போட்டார். சில நாட்களில் பல மொழிகளுக்குப் போனது. அதே வேகத்தில் வசையும் வந்தது. அதுவரை அரசியல் கவிஞர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. கண்ணில் பட்டதை எழுதினார், அது குற்றமாகிவிட்டது.

5

ஆல்பெர் காம்யு 1947இல் எழுதிய ‘கொள்ளைநோய்’ நாவலை எல்லோரும் பாசிசத்தின் உருவகமாக வாசிக்கிறார்கள். 2020இல் அதை மறுபடி எடுத்தவர்களுக்கு உருவகம் மறந்து நோய் மட்டும் தெரிந்தது. எனக்குப் பிடித்தது அந்த நாவலுக்குள் இருக்கும் இன்னொரு குறிப்பேடு. தாரு என்ற பாத்திரம் வைத்திருப்பது. ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது தாரு குறித்துவைப்பதெல்லாம் அற்பம். எதிர்மாடியில் தினமும் நின்று காகிதத்துண்டுகளைப் போட்டுப் பூனைகளை வரவழைத்து அவற்றின் மேல் துப்பும் ஒரு கிழவர். நோய் பயத்தில் பூனைகளைச் சுட்டுவிடுகிறார்கள். கிழவர் மாடிக்கு வந்து பார்க்கிறார், துப்ப ஆளில்லை, தவித்துப்போகிறார். இன்னொரு கிழவர், ஆஸ்துமாக்காரர். கடிகாரம் வைத்துக்கொள்ளாமல், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குக் கடலையை ஒவ்வொன்றாக மாற்றியே பொழுதை அளக்கிறார். சமாளிப்பதற்கு இதைவிடத் துல்லியமான படத்தை நான் எந்த எழுத்திலும் பார்த்ததில்லை. அந்தக் கிழவரிடம் ஆரூடமும் இல்லை, அறிவுரையும் இல்லை. கடலை இருக்கிறது, இரண்டு பாத்திரம் இருக்கிறது.

இந்த இடத்தில் என் வீட்டுக் குறிப்பேடு ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை வாசிக்கக் கற்றுக்கொள்ளத்தான் மேலே சொன்ன புத்தகங்களிடமெல்லாம் போனேன்.

கோவில்பட்டியில் அம்மா ஒரு பால்கணக்கு நோட்டு வைத்திருக்கிறாள். கோடு போட்ட, நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. தேதிக்கு எதிரே ‘1’ என்றால் ஒரு லிட்டர். மாதக் கடைசியில் கூட்டி, பால்காரர் கணக்கோடு ஒத்துப்பார்த்துப் பணம் கொடுப்பாள். ஓரத்தில் வீட்டு விஷயம் ஏதாவது ஒன்றிரண்டு சொல்லில் இருக்கும். 2020இல் அந்த ஓரம் கொஞ்சம் நிறைந்திருக்கிறது. ‘கேஸ் வந்தது.’ ‘விளக்கு.’ அது ஏப்ரல் 5, இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் எல்லோரும் விளக்கேற்றிய நாள். ‘தெரு தகரம்.’ எங்கள் தெருமுனையைத் தகரத்தால் அடைத்த நாள். ‘தகரம் எடுத்தாச்சு.’

2021 மே மாதத்தில் ஓரத்தில் வெறும் எண்கள். 96, 95. 95, 93. 94, 91. காலையும் மாலையும் அப்பாவின் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்த்தவை. 88க்குப் பிறகு எண் இல்லை. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடுத்த ஒன்பது நாட்கள் ஓரம் காலியாக இருக்கிறது. பால் மட்டும் ‘1’, ‘1’, ‘1’. அப்பா திரும்பிவரவில்லை. அதை அம்மா எங்கேயும் எழுதவில்லை. மே கடைசி வாரத்தில் ஒருநாள் பால் ‘½’ ஆகிறது. இன்றுவரை ‘½’தான்.

இதை இலக்கியம் என்று சொல்ல வரவில்லை. பாமர எழுத்தைத் தூக்கிவைத்து, எழுத்தாளர்களைவிட இவர்களே மேல் என்று உருகுவது நம் கட்டுரைகளில் ஒரு பழக்கமாகிவிட்டது. அது எனக்கு உவப்பில்லை. அந்த நோட்டைத் தெரியாத ஒருவர் கையில் கொடுத்தால் அவருக்குப் பால்கணக்குதான் தெரியும். லாக்தான் உண்மை என்று இந்தக் கட்டுரையில் இவ்வளவு தூரம் பேசிக்கொண்டு வந்தேன். பாதிதான் சரி. லாக் தானாகப் பேசாது. 96 என்பது காய்ச்சலா, கடன் பாக்கியா, பஸ் நம்பரா? அரை லிட்டர் ஏன்? யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, தேதியோடு தேதியை வைத்துப் பார்க்க வேண்டும். பீப்ஸின் சுருக்கெழுத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து பிரித்து எழுதிய பிறகே நமக்கு அந்தப் பொய்முடி கிடைத்தது. டிஃபோ செய்ததும் இதைத்தான். சாவுக்கணக்குக் காகிதங்கள் அவருக்கு முன்பே இருந்தன. அந்த எண்களுக்கு நடுவே நடந்து போக ஒரு சேணக்காரனை அவர் அனுப்பினார். குறிப்பு ஒரு வேலை, அதை வாசிப்பது இன்னொரு வேலை. பெருந்தொற்று இலக்கியம் என்று ஒன்று வரப்போகிறது என்றால் அது இந்த இரண்டாவது வேலையிலிருந்துதான் வரும் என்று எனக்குப் படுகிறது.

எழுத்தாளர்கள் அந்நாட்களில் வேறு வேலையும் செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஜெயமோகன் ஊரடங்கு தொடங்கியதும் ‘புனைவுக் களியாட்டு’ என்ற பெயரில் நாளொரு கதையாக எழுதத் தொடங்கி நூறைத் தாண்டினார். அவற்றில் பெரும்பாலானவை தொற்றைப் பற்றியவை அல்ல. பலருக்கு அவைதான் அந்நாட்களில் கடலைப் பாத்திரம். அந்தக் கொடையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த நாட்களைத் தாண்ட உதவிய எழுத்து அது. அந்த நாட்களுக்குத் திரும்பிப் போக உதவும் எழுத்து வேறு.

6

வீட்டுக்குள் இருந்தவர்களின் குறிப்பேடுகளைப் பற்றியே இதுவரை பேசினேன். குறிப்பெழுத வீடு வேண்டும், மேஜை வேண்டும், குறைந்தபட்சம் ஓர் ஆணியில் தொங்கும் நோட்டாவது வேண்டும். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவு நாடு மூடப்பட்டபோது, வேலையும் தங்குமிடமும் ஒருசேரப் போனவர்கள் கணக்கில் அடங்காதவர்கள். அவர்களுடைய அன்றாடத்தை நெருங்கிப் பின்தொடர்ந்த புத்தகங்களில் நான் வாசித்தது வினோத் காப்ரியின் ‘1232 கி.மீ.’ காஸியாபாத்திலிருந்து பீகாரின் சகர்சாவுக்கு ஏழு தொழிலாளர்கள் சைக்கிளில் போன ஏழு நாட்கள். எங்கே சாப்பிட்டார்கள், எங்கே போலீஸ் அடித்தது, எங்கே டயர் பஞ்சர். காப்ரி பத்திரிகையாளர், காரில் கூடப் போனவர். அந்த இடைவெளி புத்தகத்தில் தெரிகிறது, அவரும் மறைக்கவில்லை. எழுவரில் ஒருவர் கைப்பட எழுதியிருந்தால் புத்தகம் வேறாக இருந்திருக்கும். அப்படி ஒன்று கிடைக்காத இடத்தில் இதாவது இருக்கிறது.

நூறு வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் நடந்தது. 1918 இன்ஃப்ளூயன்ஸாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் செத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். வேறெந்த நாட்டிலும் அத்தனை சாவு இல்லை என்பார்கள். இந்திக் கவிஞர் நிராலா அதில் மனைவியையும் குடும்பத்தில் பலரையும் இழந்தார். கங்கை பிணங்களால் நிறைந்திருந்ததை 1939இல் வெளிவந்த ‘குல்லி பாட்’ நூலில் எழுதினார். சில பத்திகள்தான். ஏறத்தாழ இருபது வருடம் கழித்து, வேறொரு மனிதரைப் பற்றிய நூலின் நடுவே. 2021இல் கங்கையில் மறுபடி பிணங்கள் வந்தபோது எல்லோரும் ஓடிப்போய் எடுத்தது அந்தச் சில பத்திகளைத்தான். ஒரு கோடிச் சாவுக்கு நம் கையில் இருந்தவை அவை. மற்ற வீடுகளில் என்ன சொல்லியிருப்பார்கள்? அவரவர் மொழியில், எப்படியோ சமாளித்துவிட்டோம் என்று.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள், கொஞ்சம் அவசரமானது. காகித நோட்டு ஐம்பது வருடம் தாங்கும். நம்முடைய 2020 இருப்பது கைபேசிகளில். அந்நாளில் வாங்கிய கைபேசிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. குடும்ப வாட்ஸாப் குழுவில் அந்த இரண்டு வருடத்து உரையாடலைத் தனிக் கோப்பாக எடுத்து எங்காவது சேமித்து வையுங்கள். ஃபார்வர்டுகளை நீக்க வேண்டாம், அவையும் ஆவணம். மளிகைக் கடைக்கு அனுப்பிய லிஸ்ட், ஈ-பாஸ், ஆக்ஸிமீட்டர் படம், படுக்கை கிடைக்குமா என்று யார் யாரையோ கேட்ட குரல்பதிவு, சம்பள உயர்வுக் கடிதம், எல்லாம் இருக்கட்டும். இப்போதே அதை வைத்துக் கதை எழுத வேண்டும் என்று இல்லை. டிஃபோவுக்கு 57 வருடம் பிடித்தது. அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.